முன்வைத்த காலைப் பின்வைப்பது வெட்கமா? – நோர்வே மலைப்பாதைகள் கூறும் வரலாறு



"முன்வைத்த காலைப் பின்வைக்காதே" என்று நாம் மாணவர்களுக்குச் சொல்லாத நாளில்லை. தேர்வாகட்டும், பேச்சுப் போட்டியாகட்டும், விளையாட்டாகட்டும், பிள்ளைகளுக்கு ஊக்கமூட்ட நாம் முதலில் எடுக்கும் சொல் இதுவே. ஆனால் ஒரு நாடு, மலையேறும் தன் பிள்ளைகளுக்கு இதற்கு நேர்மாறான பாடத்தைக் கற்பித்து வருகிறது. காலம் கடக்கும் முன் திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கம் ஏதுமில்லை என்பதே அந்தப் பாடம். அந்த நாடு வட ஐரோப்பாவில் உள்ள நோர்வே.

கோழைகள் வாழும் நாடா அது? இல்லை. கடலோடிகளையும் துருவப் பயணிகளையும் உலகுக்குத் தந்த நாடு. அப்படிப்பட்ட மக்கள் இப்படி ஒரு பாடத்தை ஏன் கற்றார்கள்? இலையுதிர்காலத்தில் ஒரு வார இறுதியை அங்குள்ள மலைகளில் கழிப்பதற்கு எப்படித் திட்டமிடுவது என்று பார்த்தாலே அதற்கான விடை கிடைத்துவிடும். அந்நாட்டு மலைப்பாதை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதை இக்கட்டுரையில் காண்போம்.

ஃபியோர்டு நிலம்

பனியுகத்தில் பனியாறுகள் பாறையைக் குடைந்து ஆழமான பள்ளத்தாக்குகளை உருவாக்கின. பனி உருகியபின் அவற்றுள் கடல்நீர் புகுந்தது. இருபுறமும் செங்குத்தான மலைகள், நடுவே நாட்டின் உட்பகுதி வரை நீளும் கடல். இதுவே ஃபியோர்டு. நோர்வேயின் மேற்குக் கரையிலுள்ள ஹர்டாங்கர் ஃபியோர்டு ஏறக்குறைய 180 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் கரையோரங்களில் ஆப்பிள் தோட்டங்கள் இருக்கின்றன. கரையிலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் ஹர்டாங்கர்விட்டா என்னும் பரந்த பீடபூமி விரிகிறது. காட்டுக் கலைமான்கள் மேயும் அந்தப் பீடபூமியின் பெரும்பகுதி 1981ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

கீழே பழத்தோட்டம், மேலே பனிக்காற்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சில மணி நேர நடைதான். இந்நிலத்தின் அழகும் ஆபத்தும் இதில்தான் அடங்கியுள்ளன.

உருளைக்கிழங்கு விடுமுறை

நோர்வேப் பள்ளிகளுக்கு இலையுதிர்காலத்தில் ஒரு வார விடுமுறை உண்டு. தலைநகர் ஓஸ்லோவில் அது பெரும்பாலும் ஆண்டின் 40ஆவது வாரத்திலும், மேற்குக் கரையில் 41ஆவது வாரத்திலும் வரும். குடும்பம் குடும்பமாக மலைக்குச் செல்லும் காலம் இது.

இவ்விடுமுறைக்கு முன்பு வழங்கிய பெயர் 'உருளைக்கிழங்கு விடுமுறை'. வயலில் உருளைக்கிழங்கு பொறுக்கப் பிள்ளைகளின் கைகள் தேவைப்பட்டதால் பள்ளிகள் மூடப்பட்டன. உருளைக்கிழங்கு நோர்வேக்கு 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் வந்து சேர்ந்தது. மக்கள் முதலில் அதை நம்பவில்லை. பாதிரியார்கள் தாமே பயிரிட்டுக் காட்டி, அதன் பயனை எடுத்துரைத்தார்கள். அதனால் அவர்களுக்கு 'உருளைக்கிழங்குப் பாதிரியார்கள்' என்றே பெயர் ஏற்பட்டது. 1807 முதல் 1814 வரை நடந்த போரின்போது கடல்வழி முற்றுகையால் தானிய வரவு தடைபட்டுப் பஞ்சம் வந்தது. அப்போது இக்கிழங்கின் அருமை ஊரெங்கும் உணரப்பட்டது.

ஆக, இன்று பிள்ளைகள் முதுகுப்பையுடன் மலையேறும் அந்த வாரம் ஒரு காலத்தில் அவர்கள் குனிந்து கிழங்கு பொறுக்கிய வாரம் என்பது குறிப்பிடத்தக்கது.

பாதையிட்டவர்கள் யார்?

இன்று சுற்றுலாப் பயணிகள் நடக்கும் பாதைகளுள் பல சுற்றுலாவுக்காகப் போடப்பட்டவை அல்ல. ஃபியோர்டுக் கரையில் விளைநிலம் மிகவும் குறைவு. ஆகவே கோடையில் மாடுகளையும் ஆடுகளையும் மலைமேல் உள்ள மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிச் செல்வார்கள். அங்கே சிறு குடில்களில் தங்கிப் பால் கறந்து, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. இலையுதிர்காலம் வந்ததும் கால்நடைகளோடு கீழே இறங்கிவிடுவார்கள். குளிர் வருமுன் இறங்குவது அவர்களுக்குத் தோல்வியாகத் தோன்றவில்லை. அது ஆண்டுதோறும் செய்யும் கடமை.

பீடபூமியின் குறுக்கே மேற்கையும் கிழக்கையும் இணைத்த பழைய வணிகப் பாதைகளும் உண்டு. பொதி சுமந்த குதிரைகளோடு மக்கள் அவ்வழியே சென்று வந்தார்கள்.

ஹர்டாங்கரில் லோஃப்ட்ஹூஸ் என்னும் சிற்றூரில் 'துறவியர் படிகள்' இருக்கின்றன. பெர்கன் நகருக்குத் தெற்கே 1146ஆம் ஆண்டு நிறுவப்பட்ட லீசே மடத்தின் துறவிகளுக்கு இவ்வூரில் நிலம் இருந்தது. மலைச்சரிவில் 616 கற்படிகளை அமைத்தவர்கள் அவர்களே என்பது வழிவழியாக வரும் செய்தி. இப்பகுதியில் பழமரம் வளர்க்கும் கலையைக் கொண்டு வந்தவர்களும் அவர்களே என்பர். ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்கு முன் அடுக்கப்பட்ட அக்கற்களின்மேல் இன்றும் நடக்கலாம்.

இதே ஃபியோர்டின் ஒரு கிளையில், சிமாடால் பள்ளத்தாக்குக்கு மேலே, 500 மீட்டருக்கும் அதிக உயரத்தில் கியோசன் என்ற பண்ணை இருக்கிறது. 1970களில் சாலை வரும்வரை அங்கு வாழ்ந்தவர்கள் உப்பு முதல் வீட்டுப் பலகை வரை எல்லாவற்றையும் முதுகில் சுமந்து, செங்குத்தான பாதையில் ஏற்றினார்கள். ஒரு வீடு கட்டி முடிக்க முப்பது ஆண்டுகள் ஆயின என்று சொல்லப்படுகிறது.

இவர்கள் யாரும் மலையை வெல்லப் புறப்பட்டவர்கள் அல்லர். மலையோடு வாழ்ந்தவர்கள்.

வெல்ல வந்தவர்கள்

19ஆம் நூற்றாண்டில் வேறு வகையான மனிதர்கள் வந்தார்கள். 1821இல் கிறிஸ்தோபர் ஹான்ஸ்டீன் என்னும் பேராசிரியர் ஹர்டாங்கர் வழியாகப் பயணம் செய்து, வோரிங்ஸ்ஃபோசன் என்ற 182 மீட்டர் உயர அருவியை வெளியுலகின் கவனத்திற்குக் கொண்டு வந்தார். 1848இல் டீடமான்ட், கூடே என்ற இரு ஓவியர்கள் இணைந்து, ஹர்டாங்கர் ஃபியோர்டில் படகில் செல்லும் திருமண ஊர்வலத்தை ஓவியமாகத் தீட்டினார்கள். அப்போது நோர்வே சுவீடனோடு ஒரே மன்னரின்கீழ் இணைந்திருந்தது. 1905இல்தான் அவ்விணைப்பு முடிவுக்கு வந்தது. தனக்கென ஓர் அடையாளத்தைத் தேடிய அம்மக்களுக்கு மலையும் ஃபியோர்டும் அந்த அடையாளமாக அமைந்தன.

1868ஆம் ஆண்டு தாமஸ் ஹெஃப்தியே என்னும் வங்கியாளரின் முயற்சியால் நோர்வே மலைநடைச் சங்கம் தோன்றியது. செல்வர்கள் மட்டுமின்றி எல்லா மக்களும் தம் நாட்டை எளிதாகச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அவ்வாண்டே ர்யூகான் அருவிக்கு அருகில் குரோகான் என்ற முதல் குடிலைச் சங்கம் பெற்றது. இன்று சங்கத்திற்கு 500க்கும் மேற்பட்ட குடில்கள் உள்ளன. மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் உறுப்பினர்கள். பாறைகளிலும் கற்குவியல்களிலும் சிவப்பு நிறத்தில் எழுதப்பட்டிருக்கும் 'டி' என்னும் ரோமன் எழுத்தே வழிகாட்டும் குறி.

பல குடில்களில் பணியாளர் எவரும் இல்லை. உறுப்பினர்கள் பொதுச் சாவியால் திறந்து உள்ளே செல்லலாம். அலமாரியில் உள்ள உணவைச் சமைத்து உண்டு, எடுத்ததற்குக் கணக்கு எழுதிப் பணம் செலுத்திவிட்டு, அடுத்து வருவோருக்காக விறகு வெட்டி வைத்து, தரையைத் துடைத்துவிட்டுப் புறப்படுவார்கள். பார்ப்பவர் யாருமில்லாத இடத்திலும் நேர்மை நிற்கிறது. நன்னெறிக் கல்விப் பாடத்தில் நாம் சொல்லித்தர விரும்புவதும் இதைத்தானே!

1876ஆம் ஆண்டு ஜூலை மாதம் வில்லியம் சிசில் ஸ்லிங்ஸ்பி என்ற ஆங்கிலேயர், எமானுவேல் மோன், குனூட் லிக்கே என்ற இரு நோர்வேயருடன், 2,405 மீட்டர் உயரமுள்ள பெரிய ஸ்காகஸ்தோல் சிகரத்தை நோக்கிப் புறப்பட்டார். அதுவரை யாரும் அதன் உச்சியைத் தொட்டதில்லை. உச்சிக்குக் கீழே உள்ள ஓர் இடுக்கில் மற்ற இருவரும் நின்றுவிட்டார்கள். ஸ்லிங்ஸ்பி மட்டும் தனியே ஏறி உச்சியை அடைந்தார். புகழ் முழுவதும் அவருக்கே சென்றது. ஆனால் நின்றவரின் பெயரும் மலையில் நிலைத்தது. அந்த இடுக்கு இன்றும் 'மோன் இடுக்கு' என்றே அழைக்கப்படுகிறது.

ஏறியவரைப் போற்றுவது எளிது. நின்றவரையும் மதிக்க அந்நாடு கற்றுக்கொள்ள இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. அதற்குப் பெரும் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

1967ஆம் ஆண்டின் ஈஸ்டர்

20ஆம் நூற்றாண்டில் மலைநடை மக்கள் பழக்கமாயிற்று. 1957இல் நிறைவேறிய சட்டம், பயிரிடப்படாத நிலத்தில் யாரும் நடக்கலாம் என்ற பழைய மரபை எழுத்தில் உறுதிப்படுத்தியது. பிறர் நிலமாயினும் மலையிலும் காட்டிலும் நடக்கத் தடையில்லை. கூடாரம் மட்டும் வீடுகளிலிருந்து 150 மீட்டருக்கு அப்பால் அடிக்க வேண்டும்.

உரிமை வளர்ந்தது. கூடவே விபத்துகளும் பெருகின. 1950களிலேயே மலைப் பாதுகாப்பு விதிகள் வெளியிடப்பட்டன. ஆயினும் 1967ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் மட்டும் 18 பேர் மலைகளில் உயிரிழந்தார்கள். விடுமுறைக்குச் சென்றவர்கள் வீடு திரும்பவில்லை. நாடே அதிர்ந்தது. அதன்பின் செஞ்சிலுவைச் சங்கமும் மலைநடைச் சங்கமும் அவ்விதிகளைப் பெரும் பரப்புரையாக மக்களிடம் கொண்டு சென்றன.

எப்படிக் கொண்டு சென்றார்கள் என்பது ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய செய்தி. நோர்வேயில் 'குவிக் லுன்ஷ்' என்ற சாக்லேட் 1937 முதல் விற்கப்படுகிறது. மலைக்குச் செல்வோர் பையில் அது தவறாமல் இருக்கும். 1967 முதல் அச்சாக்லேட் உறையின் உட்புறத்தில் அவ்விதிகள் அச்சிடப்பட்டன. பாறைமேல் அமர்ந்து உறையைப் பிரிக்கும் சிறுவனின் கண்ணில் விதிகள் படும். பாடநூலும் சுவரொட்டியும் எட்டாத இடத்தில் ஓர் இனிப்பு உறை ஆசிரியராயிற்று!

2016இல் அவ்விதிகள் புதுப்பிக்கப்பட்டன. இன்று அவை ஒன்பது. அவற்றின் கருத்தைச் சுருக்கமாகச் சொன்னால்:

1. பயணத்தைத் திட்டமிடு. செல்லும் வழியைப் பிறரிடம் சொல்.
2. உன் ஆற்றலுக்கும் அன்றைய நிலைக்கும் ஏற்ற பாதையைத் தேர்ந்தெடு.
3. வானிலை, பனிச்சரிவு எச்சரிக்கைகளைக் கவனி.
4. சிறு நடையாயினும் புயலுக்கும் குளிருக்கும் ஆயத்தமாக இரு.
5. உனக்கும் பிறருக்கும் உதவத் தேவையான பொருள்களை எடுத்துச் செல்.
6. பாதுகாப்பான வழியில் நட. பனிச்சரிவு நிலத்தையும் உறுதியற்ற பனிக்கட்டியையும் அறிந்துகொள்.
7. வரைபடமும் திசைகாட்டியும் பயன்படுத்து. எங்கிருக்கிறாய் என்பதை எப்போதும் அறிந்திரு.
8. காலத்தோடு திரும்பு. அதில் வெட்கமில்லை.
9. உடல் வலிமையைச் சேமி. தேவைப்பட்டால் ஒதுங்கிக்கொள்.

இவ்வொன்பதில் நோர்வே மக்களின் பேச்சு வழக்கிலேயே கலந்துவிட்டது எட்டாவது விதிதான்.

இரண்டு நாள் திட்டம்

இனி, இவ்விதிகளை மனத்தில் கொண்டு, அக்டோபர் முதல் வாரத்தில் ஹர்டாங்கரில் ஒரு சனி, ஞாயிறுக்கு எப்படித் திட்டமிடலாம் என்று பார்ப்போம்.

முதலில் வெளிச்சம். நமக்குப் பகல் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். அங்கே அப்படியல்ல. செப்டம்பர் 23 வாக்கில் பகலும் இரவும் சமமாக இருக்கும். அதன்பின் வாரத்திற்கு ஏறத்தாழ நாற்பது நிமிடம் பகல் குறையும். அக்டோபர் நடுவில் பத்தரை மணி நேர வெளிச்சமே மிஞ்சும்.

இரண்டாவது குளிர். நூறு மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 0.65 பாகை குறையும். கரையில் 9 பாகை என்றால் 950 மீட்டர் உயரத்தில் 3 பாகைதான். மழையை நாம் அறிவோம். கோலாலம்பூரிலும் பெர்கனிலும் ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டருக்கு மேல். ஆனால் நம் மழையில் நனைந்தால் துண்டால் துவட்டிக்கொள்கிறோம். 3 பாகையில் நனைந்து, காற்றிலும் நின்றால் உடல் வெப்பம் இறங்கி, சிந்தனை தடுமாறும். அந்நிலையில் சரியான முடிவை எடுக்க இயலாது. ஆகவே முடிவைப் புறப்படும் முன்னரே எடுத்து வைக்க வேண்டும்.

ஹர்டாங்கரில் புகழ்பெற்றது 'அரசியின் பாதை'. அரசி சோன்யா விரும்பி நடந்த பாதை இது. கின்சர்விக் பக்கத்திலிருந்து மலைவிளிம்போடு சென்று, துறவியர் படிகள் வழியாக லோஃப்ட்ஹூஸில் இறங்கும். சுமார் 16 கிலோமீட்டர். ஏழு முதல் ஒன்பது மணி நேரம் ஆகும். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் மாலை ஐந்துக்குள் முடிக்கலாம். ஏழு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பத்து மணிக்குப் புறப்பட்டவரோ, நனைந்த கற்படிகளில் களைத்த கால்களோடு இருட்டில் இறங்க நேரிடும். மேலும், இப்பாதையில் பாதி தூரம் சென்றுவிட்டால் திரும்புவதும் முன்னேறுவதும் ஒரே தூரம். திரும்பும் உரிமை நம் கையைவிட்டுப் போய்விடுகிறது.

எனவே பிள்ளைகளோடு செல்வோருக்கு வேறு வழி நல்லது. சனிக்கிழமை லோஃப்ட்ஹூஸிலிருந்தே துறவியர் படிகளில் ஏறி, சுமார் 950 மீட்டர் உயரத்தில் உள்ள நூசி என்னும் காட்சிமுனை வரை சென்று, வந்த வழியே இறங்கலாம். ஏற மூன்று மணி, இறங்க இரண்டு மணி எனக் கணக்கிடலாம். எந்தப் படியிலும் நின்று திரும்ப முடியும். "பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கிருந்தாலும் திரும்புவோம்" என்று முந்தின இரவே குடும்பத்தோடு பேசி முடிவு செய்துவிட்டால், மலைமேல் வாக்குவாதத்திற்கு இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கின்சர்விக் ஊரிலிருந்து ஹூசெடாலன் பள்ளத்தாக்கிற்குச் செல்லலாம். அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு அருவிகள் உள்ளன. ஒவ்வோர் அருவியும் ஓர் இலக்கு. ஒன்றைக் கண்டாலும் பயணம் நிறைவே. கடும் மழையென்றால் வோரிங்ஸ்ஃபோசன் இருக்கிறது. 2020இல் அங்கே திறக்கப்பட்ட படிப்பாலத்தில் நின்று, மழை பெருக்கிய அருவியைக் காணலாம்.

பையில் கம்பளி உள்ளாடை, மழைச்சட்டை, கையுறை, தலைவிளக்கு, வரைபடம், மாற்றுடை, சூடான பானம் ஆகியவை இருக்கட்டும். தங்குமிடத்தில் உள்ளவரிடம் செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிச் செல்ல வேண்டும்.

பூதத்தின் நாக்கு

இதே வட்டாரத்தில் 'ட்ரோல்துங்கா' என்ற பாறை ஏரிக்கு மேலே நாக்கைப்போல நீண்டிருக்கிறது. 'பூதத்தின் நாக்கு' என்பது அப்பெயரின் பொருள். 2010இல் ஆயிரத்திற்கும் குறைவானோரே அங்கு நடந்தனர். இணையத்தில் படங்கள் பரவின. 2016இல் அந்த எண்ணிக்கை சுமார் 80,000 ஆயிற்று. போகவர 27 கிலோமீட்டர் நடை அது. போதிய உடையும் உணவும் இன்றிப் புறப்பட்டவர்களைத் தேடி மீட்புக் குழுவினர் பலமுறை மலையேற வேண்டியிருந்தது. அக்டோபர் முதல் வழிகாட்டியின்றி அங்கே செல்ல வேண்டா என்பதே இன்று தரப்படும் அறிவுரை.

அந்த மீட்புக் குழுவினருள் பலர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். மீட்கப்பட்டவரிடம் கட்டணம் கேட்கும் வழக்கமும் அங்கில்லை. நாம் திரும்பாமல் போனால் நம்மைத் தேடி இன்னொரு தாயின் பிள்ளை இருட்டில் ஏற வேண்டும். ஆகவே உரிய நேரத்தில் திரும்புவது நம் உயிரை மட்டும் காப்பதன்று.

நாம் சிந்திக்க வேண்டியது

விடாமுயற்சியைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும். அதில் ஐயமில்லை. ஆனால் விடாமுயற்சி வேறு, பிடிவாதம் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியும் ஆற்றல் பிள்ளைக்குத் தானாக வந்துவிடாது. "ஆசிரியரே, என்னால் முடியவில்லை, திரும்பலாமா?" என்று கேட்கும் மாணவனை மற்றவர்கள் கேலி செய்யும்போது நாம் என்ன செய்கிறோம்? நாமும் சேர்ந்து சிரித்துவிட்டால், அடுத்த முறை அவன் கேட்கமாட்டான். கேட்காமலேயே நடப்பான்.

அடுத்த முறை பள்ளிச் சுற்றுலாவோ குடும்ப மலையேற்றமோ திட்டமிடும்போது, புறப்படும் நேரத்தையும் சென்று சேரும் நேரத்தையும் எழுதும் தாளில் இன்னொரு வரியையும் சேர்ப்போம்: "எந்த நேரத்தில், எந்த இடத்தில் திரும்புவோம்?" அதைப் பிள்ளைகளையே எழுதச் சொல்வோம். அவ்வரியை எழுதிய பிள்ளை, திரும்ப வேண்டிய வேளை வரும்போது தலைகுனிய வேண்டியதில்லை.